எண் பொருந்தாத கொக்கி

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே நொயெமி சண்டையோடுதான் அறைக்குள் வந்தாள்.

கையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு துணி மூட்டை. அம்மாவின் மேஜையில் செதுக்குளிகள் வரிசையாக இருந்த இடத்திலேயே அதைப் பொத்தென்று வைத்தாள். இரண்டு உளிகள் உருண்டு கீழே விழுந்தன. எடுக்கவில்லை.

"இந்தா. வலப்பக்கம் வந்துடுச்சு. இனிமே சாக்குச் சொல்லாதே."

ஓர்னெல்லா குனிந்து உளிகளை எடுத்து, முனை உடைந்திருக்கிறதா என்று விரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று உடைந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இது அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

இந்த வீட்டில் 'அவன்' என்றால் எர்மெஸ். ஓர்னெல்லாவின் கொழுந்தன். கீழ்த்தளத்தில் அவன் பட்டறை, நடுமாடியில் இவளுடைய செதுக்கு மேஜை, அதற்கும் மேலே மாமனார் பத்திஸ்தா. ஒரே கூரை, ஒரே தொழில், ஒரே குடும்பப் பெயர். ஆனால் ஆறு வருஷமாக இவள் அவனோடு ஒரு சொல் பேசியதில்லை. அவன் கதவைத் தாண்டவேண்டியிருக்கும் என்பதற்காகவே உள்படிக்கட்டை விட்டுவிட்டு, மழையானாலும் பனியானாலும் வெளியே இருக்கும் இரும்புப் படியில்தான் ஏறி இறங்குவாள்.

"காபி குடிக்கப் போயிருக்காரு. மேஜைல கிடந்துது, எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் நொயெமி. "பன்னெண்டு நாளா 'நாளைக்குப் பிரிச்சுத் தரேன், நாளைக்குப் பிரிச்சுத் தரேன்'னு சித்தப்பா இழுத்தடிக்கறாரு. நீ அதையே சாக்கா வச்சு உக்காந்திருக்கே. ரெண்டு பேரும் மூஞ்சி கொடுத்துப் பேசிக்கமாட்டீங்க. என்னைக் கவுக்கறதுல மட்டும் அப்படி ஒரு ஒத்துமை."

சொன்னதில் பாதி உண்மை. ஓர்னெல்லாவுக்கு அது உறைத்தது.

ஆகஸ்டு மாதம் நொயெமிக்குப் பதினெட்டு வயது முடிந்தது. வேட்டை லைசென்சுத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அன்று மாலை பத்திஸ்தா தன் அறையின் இரும்பு அலமாரியைத் திறந்து, ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை எடுத்து மேஜை மேல் நீட்டி வைத்தார். அவருடைய பாட்டனார் 1911-இல் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி. நொயெமியின் அப்பா துல்லியோ கடைசியாகத் தோளில் போட்டுக்கொண்டு போனது. துல்லியோவின் உயிரை வாங்கியதும் அதுதான். அன்று அதைக் கையில் வைத்திருந்தவன் எர்மெஸ்.

இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வேட்டை சீசன் திறக்கும்போது இந்தத் துப்பாக்கியோடுதான் மலையேறவேண்டும் என்று கிழவர் சொல்லிவிட்டார். மரக்கட்டை வெடித்திருந்தது, குழல்களில் துரு, பக்கத் தகடுகளில் இருந்த சித்திரம் நூறு வருஷத்துக் கைகள் பட்டுப் பட்டு மழுங்கிப் போயிருந்தது. கட்டையும் குழலும் பொறியும் எர்மெஸ் பொறுப்பு. சித்திரம் ஓர்னெல்லா பொறுப்பு. யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் சொன்னார், அவ்வளவுதான்.

மாட்டேன் என்று சொல்ல ஓர்னெல்லாவுக்கு வாய் வரவில்லை. அதனால் மெதுவாக வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தாண்டிப் போனால் ஒரு வாரம். ஒரு வாரம் போனால் மழை. மழை வந்தால் இந்தப் பெண்ணுக்கு மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை.

"நீ வேற துப்பாக்கி எடுத்துட்டுப் போயேன். வீட்ல இல்லாத துப்பாக்கியா" என்றாள்.

"இது எங்க அப்பாது."

"அதனாலதான் சொல்றேன்."

"அப்பாவைக் கொன்னது துப்பாக்கி இல்ல. நீதானே ஊரெல்லாம் சொன்னே, கொன்னது யாருன்னு." நொயெமி கதவருகில் போய் நின்று திரும்பினாள். "அப்புறம் துப்பாக்கி மேல என்ன கோபம் உனக்கு?"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

*

ஓர்னெல்லா துணியைப் பிரித்தாள்.

துப்பாக்கியின் இரு பக்கமும் உள்ளங்கை நீளத்துக்கு ஒவ்வொரு எஃகுத் தகடு உண்டு. வெளிப்பக்கம் சித்திரம், உட்பக்கம் சுடும் பொறி. இடப்பக்கத் தகட்டை எர்மெஸ் சொன்ன நாளிலேயே பொறியைக் கழற்றிவிட்டு, வெறும் தகடாக, சூடாக்கி இளக்கி, நொயெமி கையில் கொடுத்தனுப்பியிருந்தான். அதில் இருந்த காட்டுக்கோழி இரண்டையும் ஓர்னெல்லா மறுபடியும் வெட்டி முடித்துவிட்டாள். அழிந்து போன இறகுக்கு இறகு, அலகுக்கு அலகு. கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி உட்பட.

வலப்பக்கத்தை மட்டும் அவன் தரவே இல்லை. இப்போது வந்திருப்பது பொறியோடு கூடிய தகடு. பொறியைக் கழற்றாமல் இதில் உளி வைக்க முடியாது. இதைக் கீழே திருப்பி அனுப்பினால் இன்னும் இரண்டு நாள் ஓடும். அது அவளுக்கு வசதிதான்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு நாளாக ஒருத்தன் ஒரு தகட்டைத் தராமல் வைத்திருக்கிறான் என்றால், சோம்பலுக்கும் ஒரு அளவு உண்டு. எர்மெஸ் எதுவாக இருந்தாலும் சோம்பேறி இல்லை.

பொறியைப் பிரிக்க அவளுக்குத் தெரியும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது துல்லியோவோடு சேர்ந்து உட்கார்ந்து பத்துப் பதினைந்து பிரித்திருக்கிறாள். ஸ்பிரிங் வில்லைக் கவ்வியால் அழுத்திக் கழற்றினாள். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை எடுத்தாள். அந்தச் சுத்தியலைப் பின்னாலேயே பிடித்து நிறுத்திவைக்கும் சின்ன எஃகுக் கொக்கியை எடுத்தாள். விசையை இழுத்தால் விலகும் கொக்கி இது. இது விலகினால்தான் குண்டு போகும்.

ஒவ்வொன்றாகத் துடைத்து வெள்ளைத் துணி மேல் வைத்தாள். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் ஒரே எண்ணை அடித்துவைப்பார்கள். தகட்டின் உட்பக்கம் 14. வில்லில் 14. சுத்தியலில் 14. திருகாணித் தலையில் கூட பொடியாக 14.

கொக்கியில் 31.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முப்பத்தொன்றுதான். எஃகின் நிறமும் வேறு. மற்றதெல்லாம் வைக்கோல் நிறத்தில் பழுத்திருக்க, இது மட்டும் சாம்பல் பூத்திருந்தது. வேறு ஏதோ துப்பாக்கியிலிருந்து எடுத்து, தேய்த்து, இதற்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். நேர்த்தியான வேலை. இப்படிச் செய்யக்கூடிய கை, துப்பாக்கி செய்கிற இந்தப் பள்ளத்தாக்கில்கூட நாலைந்துதான் இருக்கும். அதில் ஒன்று இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது.

துல்லியோ செத்த அன்று குண்டு வெடித்தது வலப்பக்கக் குழலில்தான்.

ஓர்னெல்லா அந்தக் கொக்கியை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

*

மதியம் பன்னிரண்டு அடித்தால் பத்திஸ்தாவின் மேஜையில் சாப்பாடு இருக்கவேண்டும். எண்பத்தொரு வயதிலும் அந்தக் கணக்கு மாறவில்லை. அன்று முயல் கறியும் பொலென்தா என்கிற மக்காச்சோளக் களியும். தட்டு மூன்று. முன்பெல்லாம் ஐந்து. துல்லியோவின் தட்டு மண்ணுக்குள் போனதோடு போயிற்று. எர்மெஸின் தட்டைக் கிழவரே தன் வாயால் எடுக்கச் சொன்னார், அடக்கம் முடிந்த மறுநாள். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து கீழே பட்டறையிலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறான்.

நொயெமி அம்மாவோடு பேசாமல் தாத்தாவோடு மட்டும் பேசினாள். அப்பாவின் வேட்டைக் கோட்டைத் தோளில் பிடித்துத் தைக்கக் கொடுத்திருப்பதைச் சொன்னாள். வலப்பக்கத் தகடு அம்மாவிடம் வந்துவிட்டதையும் சொன்னாள்.

பத்திஸ்தாவின் முள்கரண்டி ஒரு கணம் நின்றது. "அவனே கொடுத்தானா?"

தானே எடுத்து வந்ததாக நொயெமி பெருமையாகச் சொன்னாள்.

ஓர்னெல்லா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "மாமா, அந்தத் துப்பாக்கிக்குள்ள எப்பவாவது ஏதாவது பாகம் மாத்தியிருக்கா?"

"எங்க பாட்டனார் போட்டது எதுவும் மாறல."

"நல்லாத் தெரியுமா?"

கிழவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லை. "உன்னைப் பறவை வெட்டச் சொன்னேன். வயித்தைக் கிழிச்சு உள்ள என்ன இருக்குன்னு பார்க்கச் சொல்லல. வெளிய மட்டும் பாரு. அதுக்குத்தான் உனக்கு இந்த வீட்ல மேஜை."

கணவன் இல்லாத மருமகளிடம் அவர் பேசுகிற தோரணை இதுதான். புதிதில்லை. ஆனால் இன்று அந்தப் பதில் கேள்வியை விடப் பெரிதாக இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. நொயெமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

*

மூன்று மணிக்கு ஓர்னெல்லா உள்படிக்கட்டில் இறங்கினாள்.

பட்டறையில் எதுவும் மாறவில்லை. சுவரோரம் குழல்கள், ஜன்னலுக்குக் கீழே சாமான்களைக் கவ்வி நிறுத்தும் இரும்புப் பிடிப்பு, எண்ணெயும் எஃகைக் கடினப்படுத்தக் கருக்கிய எலும்புத்தூளும் கலந்த அதே வாடை. எர்மெஸ் ஒரு அக்ரூட் மரக்கட்டையில், பிடி வழுக்காமலிருக்கச் சொரசொரப்பு வரி வெட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நாற்பத்தாறு வயதுக்கு அது அதிகம். ஜன்னல் வழியே எத்தனையோ தடவை அவன் தலையைப் பார்த்திருக்கிறாள். நரையைப் பார்த்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தான். யாரென்று பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.

அவள் உள்ளங்கையைத் திறந்து கொக்கியைப் பிடிப்பின் மேல் வைத்தாள். "இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"எப்போ?"

"அன்னிக்கே. மதியானம்."

எந்த அன்று என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. படியிறங்கும்போதே கோர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அப்படியே கொட்டின. அந்த வருஷம் கோடையில் துப்பாக்கியைப் பழுது பார்த்தது அவன்தானே. கொக்கியைக் கெடுத்துவைத்தது அவன்தானே. போலீஸ் வருவதற்குள் அண்ணன் பிணம் ஆறுவதற்குள் ஓடிவந்து மாற்றிப் போட்டு, தன் கைவேலையை மறைத்துவிட்டு, ஐயோ தவறி விழுந்துவிட்டது என்று நாடகம் ஆடினானே. இதெல்லாம் சொன்னாள். குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்.

"அண்ணன் மேல பொறாமை பிடிச்சவன்னுதான் உன்னை நினைச்சிருந்தேன். கோழையும்கூடன்னு இப்பத்தான் தெரியுது."

எர்மெஸ் உளியைக் கீழே வைத்தான்.

"அண்ணி, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பேசுங்க. கொக்கி கெட்டதுன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சிருந்தா மாட்டியிருக்கப்போறது யாரு? தப்பிச்சிருக்கப்போறது யாரு?"

அவள் பிடிப்பின் மேல் கிடந்த கொக்கியைப் பார்த்தாள்.

"தானா வெடிச்சுதுன்னு சொல்லி நான் வீட்டுக்கு வந்திருப்பேன். நல்ல கொக்கி போட்டதாலதான், துப்பாக்கில ஒரு குத்தமும் இல்ல, வச்சிருந்தவன் மேலதான் தப்புன்னு எழுதினாங்க. எட்டு மாசத் தண்டனை, நிறுத்திவச்சது. ஆயுசுக்கும் வேட்டை லைசென்ஸ் கிடையாது. அதெல்லாம் தப்பிக்கறதுக்காகச் செஞ்ச வேலையா?"

வெளியே மெல்லா ஆற்றுப் பாலத்தில் லாரி ஒன்று போயிற்று. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

பிறகு அவன் சொன்னான். கதை சொல்வதுபோல் இல்லாமல், சாமான் பட்டியல் படிப்பதுபோல் சொன்னான். கற்சுவர் ஏறுவதற்காகத் துல்லியோ துப்பாக்கியை இவனிடம் கொடுத்தான். திறந்து குண்டை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும், அவன் எடுக்கவில்லை. திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கவேண்டும்; இவன் பார்க்கவில்லை. ஈர இலையில் கால் வழுக்கி, துப்பாக்கியின் அடிக்கட்டை கல்லில் இடித்தது. லேசான இடிதான். அந்த இடிக்கு அது வெடித்திருக்கவே கூடாது. கோடையில் இவன் பழுது பார்த்தது குழலை மட்டும்தான், பொறியைத் தொடவில்லை. மதியம் இங்கே வந்து பிரித்துப் பார்த்தான். கொக்கியின் பல்லை யாரோ அரத்தால் ராவி, முக்கால்வாசி தேய்த்திருந்தார்கள். விசை பட்டுப்போல் இளகட்டும் என்று செய்த வேலை. தும்மினால்கூட வெடித்திருக்கும்.

"யாரோன்னா?"

"துப்பாக்கி அண்ணனோடது. அரம் பிடிக்கத் தெரிஞ்சவன். அந்த வருஷம் பூரா விசை கெட்டியா இருக்கு, பறவை தப்பிக்குதுன்னு புலம்பிட்டிருந்தான். வேற யாரு?" எர்மெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தன் கையாலயே தன்னை முடிச்சுக்கிட்டான்னு பொட்டிக்குப் பக்கத்துல நின்னு நான் சொல்லணுமா? பன்னெண்டு வயசுப் பொண்ணு நிக்குது. அப்பா நிக்கறாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, பொறாமைல சுட்டுட்டான்னு நீங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அதுக்கப்புறம் சொல்லத் தோணல." அவன் முதல்முறையாக நேராக அவள் கண்ணைப் பார்த்தான். "தியாகம் கீகம்னு நினைச்சுக்காதீங்க. இவ இப்படியே வெறுத்துச் சாகட்டும்னு நான் நினைச்ச நாள் நிறைய இருக்கு."

மன்னிப்பு என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. ஆறு வருஷம். தன்னை ஒரு முட்டாளாக நடமாடவிட்டு ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது.

"பழைய கொக்கி எங்கே?"

அவன் இழுப்பறையைத் திறந்து, உடைந்த திருகாணிகளுக்கு அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் போட்டான். அன்று சுற்றி வைத்ததுதான், மறுபடி திறந்ததில்லை என்றான். அந்தப் பொறியைத் திரும்பப் பிரிக்க மனசு வராமல்தான் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டதாகவும் சொன்னான். அவள் எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தகடு வேண்டுமானால் நாளைக் காலைக்குள் வெட்டித் தரவேண்டும், கடினப்படுத்த ஒரு நாள் ஆகும் என்று பின்னாலிருந்து அவன் சொன்னது காதில் விழுந்தது.

*

ஓர்னெல்லா பூக்களும் பறவைகளும் வெட்டுவதற்குப் பயன்படுத்தும் பெரிய உருப்பெருக்கியின் அடியில் அந்தக் கொக்கியை வைத்தாள்.

14. எண் அப்படியே இருந்தது. பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வழுக்கல் சரிவு.

அதன் மேல் அரத்தின் கோடுகள். பொடிப் பொடியாக, நெருக்கமாக, ஒரே சீராக. அவசரக்காரனின் வேலை இல்லை. துல்லியோ நல்ல கைக்காரன்தான். ஆனால் பொறுமை இல்லாதவன். அவன் ராவினால் இரண்டு கோடு நேராக இருக்கும், மூன்றாவது ஓடிப்போகும். இருபது வருஷம் அவன் வேலைக்கு மேல்தான் இவள் சித்திரம் வெட்டினாள். அவன் கையெழுத்தை விட அவன் அரத்தை இவளுக்கு நன்றாகத் தெரியும்.

இது அவன் இல்லை.

எர்மெஸா? கொக்கியைத் திருப்பி வைத்தாள். விளக்கைத் தாழ்த்தினாள். கோடுகள் சாய்ந்திருந்த பக்கம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. வலக்கையால் அரம் பிடிக்கிறவனுக்கு அது இந்தப் பக்கம் சாயவே சாயாது. அண்ணனும் தம்பியும் இருவருமே வலக்கைக்காரர்கள். இது இடக்கை.

இந்த வீட்டில் இடக்கையால் அரம் பிடிக்கிறவர் ஒருவர்தான் உண்டு.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டை எடுக்கச் சொன்னவர். பெற்ற மகனைப் பட்டறையில் ரொட்டி தின்ன விட்டவர். ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூத்த மகனின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியவர். ஒருவேளை அவருக்கே தெரியாதோ? செய்ததை மறந்திருப்பாரோ? அல்லது தன் அரத்துக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவே இல்லையோ? நீதியாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாள். இன்று காலை வரை ஒருத்தனை நிச்சயமாகக் கொலைகாரன் என்று நம்பியவள் அவள். அதே நிச்சயத்தோடு இன்னொருவரிடம் போக அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

ஆறு மணிக்கு, மேல்மாடிக்கு ஏறினாள். பத்திஸ்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரே நொயெமி, தையல்காரியிடமிருந்து வந்திருந்த துல்லியோவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தோளில் துப்பாக்கி இருப்பதுபோலக் கையை உயர்த்தித் திரும்பித் திரும்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் முழங்கையை இன்னும் தூக்கச் சொன்னார். இருவர் முகத்திலும் சிரிப்பு.

ஓர்னெல்லாவைப் பார்த்ததும் நொயெமியின் சிரிப்பு நின்றது. தகடு முடிந்ததா என்று கேட்டாள்.

ஓர்னெல்லா பதில் சொல்லாமல் கொக்கியை மாமனாரின் முன்னால், ஒயின் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பத்திஸ்தா இடது கையால் அதை எடுத்தார். கண்ணாடி போடவில்லை. கட்டைவிரலால் அந்தச் சரிவைத் தடவினார். இது என்ன என்று கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை.

"அவன் இன்னும் இதைத் தூக்கிப் போடலையா" என்றார்.



கொக்கி தேய்ந்திருந்தது அவருக்குத் தெரியும். எர்மெஸ் அதை மாற்றியதும் தெரியும். தெரிந்துதான் தட்டை எடுக்கச் சொன்னார். தெரிந்துதான், எவன் மேலே பழி கிடந்ததோ அவனைப் பார்க்காமல் ஆறு வருஷம் மாடியில் உட்கார்ந்து முயல் கறி தின்றார். ஒரே வாக்கியத்தில் அவ்வளவும் இருந்தது. தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்பது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். கையை மூடிக்கொண்டார்.

"எதைத் தாத்தா? யாரு தூக்கிப் போடல?" நொயெமி கேட்டாள்.

அவர் பேத்தியைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்தார். கெஞ்சல் இல்லை அந்தப் பார்வையில். கட்டளைதான். "கீழ போய் வேலையைப் பாரு. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. குழந்தை முன்னாடி ஒண்ணும் வேணாம்."

"அவ குழந்தை இல்ல மாமா. லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தது நீங்கதான்."

"ஓர்னெல்லா."

"அந்தக் கையைத் திறங்க."

அவர் திறக்கவில்லை. நொயெமி கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். ஏன் கழற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியாது போலிருந்தது. அம்மாவையும் தாத்தாவையும் பார்த்துக்கொண்டே, யாராவது எனக்குச் சொல்லுங்களேன் என்றாள்.

சொல்லவேண்டியது தானில்லை என்று ஓர்னெல்லாவுக்குத் தோன்றியது. இதைக் கிழவர் வாயாலேயே முதலில் கேட்கும் உரிமை இந்த வீட்டில் ஒருத்தனுக்குத்தான் இருக்கிறது. அவனைப் பிடிக்காது. இன்று மாலையும் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

அவள் கதவைத் திறந்து உள்படிக்கட்டின் உச்சியில் போய் நின்றாள்.

"கூப்பிடாதே" என்றார் பத்திஸ்தா. இந்தத் தடவை அது கட்டளையாக ஒலிக்கவில்லை.

"எர்மெஸ்" என்று அவள் கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "மேல வா. உங்கப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

கீழே அரத்தின் சத்தம் நின்றது. பிறகு, ஆறு வருஷமாக அந்தக் கால்கள் மிதிக்காத முதல் படி கிறீச்சிட்டது.